கோடு திரும்பவில்லை

என் தம்பியைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘துருத்தி’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஸ்டூடியோ ஒன்றில் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது அவன் வேலை. ஆனால் பட்டப்பெயர் வந்தது அவனுடைய சொந்தக் கேமராவால். அது பழைய ஃபிலிம் கேமரா. அதன் உடம்புக்கும் லென்ஸுக்கும் நடுவே, ஆர்மோனியத்தின் பின்பக்கம் போல மடிப்பு மடிப்பாக விரிகிற ஒரு கறுப்புத் தோல் கூட்டை மாட்டுவான். அதுதான் துருத்தி. அதை இழுக்க இழுக்க லென்ஸ் ஃபிலிமிலிருந்து விலகும். கடுகளவு பொருளும் படம் முழுக்க நிறைந்து நிற்கும்.

ஒருமுறை எறும்பின் முகத்தைப் பெரிய பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தான். என் கணவர் அதை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார்.

“என்ன மாப்ளே, உங்க அக்கா கோவமா இருக்கறப்ப எடுத்தியா?”

“இல்ல அத்தான், இது கொஞ்சம் சாதுவான எறும்பு.”

நான் தையல் மெஷினை நிறுத்தாமலே இருவரையும் திட்டினேன். அவர்கள் இருவரும் சேர்ந்தால் வீட்டில் அப்படித்தான் இருக்கும்.

என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. அவனைப் போல நிதானமாக வேலை செய்கிறவனை நான் பார்த்ததில்லை. துருத்தியை நீட்டினால் ஃபிலிமுக்குப் போய்ச் சேருகிற வெளிச்சம் குறையும். எவ்வளவு நீட்டினோம் என்று ஸ்கேலால் அளந்து, அதற்குத் தக்கபடி ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்க வேண்டும். அத்தனை பெரிதாக்கும்போது ஒரு தாளின் கனம்தான் கூர்மையாக விழும். அதற்கு முன்னும் பின்னும் மங்கிவிடும். அதனால் அவன் படம் எடுக்கும்போது மேசைமேல் யாரும் கை வைக்கக் கூடாது. தெருவில் லாரி போனால் அது தாண்டிப் போகும்வரை காத்திருப்பான். துருத்தியை வெடுக்கென்று இழுக்கவும் மாட்டான்.

“அது மூச்சு விடும்க்கா. வேகமா இழுத்தா தூசியையும் சேத்து உள்ள இழுத்துக்கும்” என்பான்.

ஒருநாள் மடிப்பின் மூலையில் தோல் விட்டுப்போய், ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் கசிந்தது. உள்பக்கமாக ஒட்ட என்னிடம் கறுப்பு வெல்வெட் துண்டு கேட்டான்.

“ஓரம் அடிச்சுத் தரேன்டா. இல்லன்னா நூல் விடும்” என்றேன்.

“ஓரம் அடிச்சா தடிச்சுப் போயிடும். அப்புறம் மடிப்பு மடங்காது.”

வெட்டியபடியே ஒட்டிக்கொண்டான். அவன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி.

என் கணவர் தனியார் கம்பெனி ஒன்றில் பேருந்து ஓட்டினார். போன வருடம் ஒரு வளைவில் வண்டி திரும்பாமல் நேரே போய்க் கிடங்குச் சுவரில் மோதியது. முன் இருக்கையில் இருந்த பெண்ணுக்குக் கால் முறிந்தது. “நான் திருப்பினேன். ஸ்டியரிங் சுத்துச்சு, சக்கரம் சுத்தல” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியைப் பிரித்தபோது, ஸ்டியரிங் தண்டைச் சக்கரத்தோடு இணைக்கும் போல்ட் இரண்டாக உடைந்திருந்தது. மோதியதால் உடைந்தது என்றது கம்பெனி. உடைந்ததால் மோதியது என்றார் இவர். வேலையிலிருந்து நிறுத்திவைத்து, விசாரணைக்கு நாள் குறித்தார்கள். போல்ட்டில் பழைய விரிசல் இருந்தது என்று காட்டிவிட்டால் ஸ்டியரிங் மறுபடி அவர் கைக்கு வரும். காட்ட முடியாவிட்டால் இனி எந்தக் கம்பெனியும் அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவிடாது.

போல்ட்டைப் படம் எடுத்துக்கொள்ள ஒருநாள் அலுவலகத்தில் அனுமதித்தார்கள். விளக்குப் பிடிக்க நானும் போனேன். காவலுக்கு நின்ற அலுவலருக்குச் சாப்பாட்டு வேளை நெருங்கிக்கொண்டிருந்தது.

“துருப்பிடிச்ச போல்ட்டுக்கு இவ்வளவு அலங்காரமா? சட்டுபுட்டுன்னு முடிங்க சார். எனக்கு வயிறு கூப்பிடுது.”

என் தம்பி பதறிவிட்டான். துருத்தியை ஒரே இழுப்பாக இழுத்தான். மூன்று படம் எடுத்தான். கடைசியில், ஒரு பக்கம் பளபளப்பு அதிகமாக இருக்கிறது என்று போல்ட்டைக் கால்வட்டம் திருப்பி வைத்து இன்னொன்று எடுத்தான். அதற்குள் அந்த மனிதர் போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் மூன்று படங்களையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தான். உடைந்த வாய்க்குச் சற்றுக் கீழே, தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு வளைந்து ஓடியது. மூன்றிலும் அதே கோடு. என் கணவர் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அலமாரியைத் திறந்து, சீருடையை எடுத்து என் மெஷின்மேல் போட்டார்.

“பட்டன் ஒண்ணு தொங்குது பாரு. தெச்சு வை.”

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் தம்பி வந்தான். நான் அந்தச் சீருடையைத்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அக்கா, அது விரிசல் இல்ல. நூல்.”

நான் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

எதையும் பாதியில் விடாதவன் என்பதால் நான்காவது படத்தையும் பிரிண்ட் போட்டிருக்கிறான். அதையும் பழைய படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். போல்ட் திரும்பியிருந்தது. மரை திரும்பியிருந்தது. உடைந்த வாய் திரும்பியிருந்தது. கோடு மட்டும் அதே இடத்தில், அதே வளைவோடு நின்றது.

“விரிசலா இருந்தா போல்ட்டோட சேந்து திரும்பியிருக்கணும்க்கா. இது கேமராவுக்குள்ள, ஃபிலிம் முன்னாடி கிடந்திருக்கு. அங்க கிடந்தா லென்ஸ் வழியா பாக்கறப்ப கண்ணுக்கே தெரியாது. துருத்தியைப் பிரிச்சுப் பாத்தேன். வெல்வெட் ஓரம் பிரிஞ்சு போயிருக்கு.”

“அப்ப விரிசலே இல்லங்கிறியா?”

“அதுவும் தெரியல. நூல் மறைச்ச இடம் இந்தப் படத்துல வெளிய வந்திருக்கு. ஆனா மங்கலா விழுந்திருக்கு. கூர்மை வேற பக்கம் போயிடுச்சு. இன்னொரு தடவை எடுக்கலாம்னு காலையில ஆபீசுக்குப் போனேன். போல்ட் பழைய இரும்போட போயாச்சாம்.”

உள்ளறையிலிருந்து என் கணவர் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

“இதை யார் யார் பாத்தீங்க?”

“நாம மூணு பேர்தான் அத்தான்.”

“அப்ப அந்த நாலாவதைக் கிழிச்சுப் போடு.”

“நெகட்டிவ் இருக்கே.”

“அதையும் கிழி. உனக்கு நான் கத்திரிக்கோல் எடுத்துத் தரணுமா? உங்க அக்காகிட்ட ரெண்டு இருக்கு.”

“விரிசல்னு நான் சொன்னா, போல்ட்டைச் சோதிச்சுக் கையெழுத்துப் போட்ட பணிமனை மேஸ்திரி தலை உருளும் அத்தான். அவருக்கும் வீடு வாசல் இருக்கு.”

“எனக்கு இல்லியா? இது என்ன சத்திரமா? நான் பொய் சொல்லலடா. அந்த போல்ட் முன்னாடியே உடைஞ்சுது. என் கைக்குத் தெரியும். உன் நூல் சொன்னா என்ன, விரிசல் சொன்னா என்ன, உண்மை அதுதானே?”

“நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா என் படம் அதைச் சொல்லல.”

என் கணவர் என்னைப் பார்த்தார். தம்பியும் என்னைப் பார்த்தான். எனக்கு அந்தக் கோடு விரிசலாகவே இருந்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. ஆனால் நான் தையல்காரி. அது பிரிந்த வெல்வெட் இழை என்று அவன் சொல்வதற்கு முன்பே என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஒருமுறை தெரிந்ததை மறுபடி விரிசலாகப் பார்க்க என்னால் முடியவில்லை. சீருடையை மடித்து வைத்தேன்.

விசாரணையில் அவன் நான்கு படங்களையும் மேசைமேல் வைத்தான். எது நூல், எது தெரியவில்லை என்று விரல் வைத்துச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள், “அப்புறம் எதுக்குய்யா இதைக் கொண்டுவந்தே?” என்று சிரித்தார்கள். எந்தப் பக்கமும் நிரூபணம் இல்லை என்று முடிவெழுதினார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் ஓட்டவும் விடவில்லை. பணிமனையில் பேருந்தின் அடிப்பக்கம் கழுவுகிற வேலையைக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு என் தம்பி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். அவன் பெயரை எடுத்தாலே இவர் எழுந்து போய்விடுவார். வீட்டில் சாப்பாட்டு நேரம் தட்டுச் சத்தத்தோடு முடிந்தது. நான் தம்பியின் அறைக்குப் போய், அந்த வெல்வெட்டைப் பிய்த்துவிட்டு, நூல் விடாத மெல்லிய ரப்பர் துணியை ஒட்டிக் கொடுத்தேன். மடிப்பு நன்றாகவே மடங்கியது.

மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு சாயங்காலம் என் கணவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மெஷின்மேல் வைத்தார். எண்ணெய்த் துணியில் சுற்றிய, அதே மாதிரி ஸ்டியரிங் போல்ட். வேறொரு பேருந்தில் கிரீஸ் போடக் கழற்றியது.

“கீழ படுத்துக் கழுவறப்ப இதுல முடி மாதிரி ஒண்ணு கண்ணுல பட்டுது. தேச்சாலும் போகல. மேஸ்திரியே குடுத்து அனுப்பினார், உன் தம்பிகிட்ட காட்டச் சொல்லி.” கதவு வரை போய்த் திரும்பினார். “முதல்ல கேமராப் பொட்டியைத் தட்டிப் பாக்கச் சொல்லு. இதுவும் உன் வெல்வெட் நூலா இருக்கப்போகுது.”

தம்பி அன்று துருத்தியை நத்தை மாதிரி இழுத்தான். ஒன்று எடுத்தான், போல்ட்டைத் திருப்பி ஒன்று, இன்னும் திருப்பி ஒன்று. பிரிண்டுகளைத் தானே கொண்டுவந்தான். இந்த முறை கோடு போல்ட்டோடு சேர்ந்தே திரும்பியிருந்தது. மறுநாள் காலையில் அந்தப் பேருந்தை ஓரங்கட்டினார்கள்.

அதனால் என் கணவருக்கு ஒன்றும் மாறவில்லை. கேட்டுப் பார்த்தார், முடிந்த விசாரணையைத் திறக்க முடியாது என்றார்கள். அவருடைய போல்ட்டும் எந்த உலையில் உருகியதோ.

அன்று தம்பி வந்து நின்றபோது, இவர் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“மாப்ளே, என்னோடதுலயும் இப்படித்தான் இருந்திருக்குமோ?”

‘ஆமாம்’ என்று சொல்லிவிடேன் என்று நான் என் தம்பியைப் பார்த்தேன்.

“தெரியல அத்தான்” என்றான்.

அவர் படத்தை அவனிடம் திருப்பிக் கொடுத்தார். “உக்காரு” என்று சொல்லிவிட்டு, கை கழுவப் போனார். நான் மூன்று தட்டு எடுத்து வைத்தேன்.