துபாசி ஊற்றிய கஞ்சி

டச்சுக்காரர்களான ஒல்லாந்தரின் கோட்டையில் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசியாக இருந்த அந்தப் பெரிய மனிதர், எங்கள் குப்பத்துக்கு வந்தால் மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டுதான் பேசுவார். மீன் நாற்றம் அவருக்கு ஆகாது. மீன் மட்டும் ஆகும்.

பெரும்புயல் எங்களைத் துடைத்துப்போட்ட வருஷம் அவர்தான் கஞ்சி ஊற்றினார். குடித்தவர்களில் திடமானவர்களைப் பொறுக்கி, அடிமைகளாகக் கப்பலேற்றியதும் அவர்தான். தருமவான் என்று பெயர் வேறு.

பல வருஷம் கழித்து, கோட்டை விருந்துக்கு மீன் கேட்டு வந்தார். ஊரே கூடிக் கரைக்கு இழுக்க வேண்டிய பெரிய வலை மணலில் மட்கிக் கிடந்தது.

"இன்னாம்மா, வலைய இப்படிப் போட்டு வெச்சிக்கிறீங்க? சோம்பேறியா பூட்டீங்களா?" என்று என் அத்தையிடம் கேட்டார்.

"இழுக்க ஆளு ஏது சாமி? எல்லாரும் உங்க கப்பல்ல பூட்டாங்களே."

அவர் பழத்தை முகர்ந்தபடி யோசித்தார். "அவ்ளோதானே? நாளைக்கே கஞ்சி ஊத்தறேன். ஆளு தானா வரும்."

அத்தை உள்ளே போய்ப் படலைச் சாத்தினாள். கேட்டுக்கொண்டிருந்த மற்ற வீட்டுக்காரர்களும் சாத்தினார்கள்.

"நன்றி கெட்ட ஜனங்க" என்று வெறுங்கரையில் நின்று சொன்னார். மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.