துருவத்துக் காற்றும் எங்கள் மாடியும்

வடதுருவ ஆய்வு நிலையம் ஒன்றில் ஒரு கோடை முழுக்க என் வேலை, காற்றை உறிஞ்சும் இயந்திரத்தில் வடிதாள் மாற்றுவது. தாளில் படியும் தூசியில் மிகச் சிறிதளவு கதிரியக்கம் இருக்கும். அதை அளந்தால் காற்று எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

எங்கள் கடலோர ஊரான பிள்ளைச்சாவடிக்குத் திரும்பிய அன்று இதை அக்காவிடம் சொன்னேன். மீன் விற்றுவிட்டு வந்து களைப்பாக உட்கார்ந்திருந்தவள், சட்டென்று எழுந்து என் மடியிலிருந்த அவளுடைய கைக்குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"கதிரியக்கம்னா கேன்சர் வர்ற சமாச்சாரமாச்சே. ஒரு மாசம் போவட்டும், அப்புறம் தூக்கிக்கடி."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நான் அங்கே இருந்தபோது பிறந்த குழந்தை. அன்றுதான் முதன்முதலாகத் தூக்கியிருந்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு கடலோர ஊரின் காற்றும் தேவைப்பட்டது. அனுமதி வாங்கி, அதேபோன்ற இயந்திரத்தை எங்கள் மாடியிலேயே வைத்தேன். இரண்டே நாளில் தாள் சாம்பல் நிறமாகிவிட்டது. அதை ஆய்வகத்தில் அளந்து, வரைபடத்தைக் கைபேசியில் அக்காவிடம் காட்டினேன்.

"இது துருவம், இது நம்ம மாடி. இந்தக் கோடு பெரிலியம். வானத்துல ரொம்ப ஒசரத்துல உண்டாகி எல்லா ஊர்லயும் எறங்குது. இதுவும் கதிரியக்கந்தான், ஒரு வகை ஈயம். மண்ணுலேருந்து வர்ற வாயுவுல உண்டாவுது. பனியிலேருந்து அது வராது. அங்க அது கூடுனா, நம்மள மாதிரி நெலத்து மேல இருந்த காத்து போயிருக்குன்னு அர்த்தம். கூடவே பொகையும் போயிருக்கும். வருஷா வருஷம் அளந்தா, பூமி சூடாவ சூடாவ காத்தோட வழி மாறுதான்னும் பாக்கலாம்."

அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நம்ம மாடியிலதான் ஈயம் ஜாஸ்தியா இருக்கு?"

"ஆமா. ஆனா அதுவும் ஒண்ணும் பண்ணாது. எப்பவும் இருக்கறதுதான்."

"அப்ப நீ இருந்த எடத்துலதான் நல்ல காத்து!" என்று சிரித்தவள், குழந்தையை என்னிடம் நீட்டினாள். "இந்தா, புடி."

சற்று நேரம் கழித்து, "நாம குப்பை கொளுத்துற பொகைகூட அங்க போவுமா?" என்றாள்.

"கொஞ்சம் போவலாம்."

மறுநாளிலிருந்து அவள் வீட்டுக் குப்பையைக் கொளுத்தாமல் வண்டிக்காரரிடம் கொடுக்கத் தொடங்கினாள்.

அடுத்த கோடையில் நான் மறுபடி கிளம்பியபோது, மாடி இயந்திரத்தை யார் பார்த்துக்கொள்வது என்று தயங்கினேன். "காட்டிக்குடு, நான் மாத்தறேன்" என்றாள். கையுறை போட்டுத் தாளை மடிக்கவும், உறையில் தேதி எழுதவும் ஒரே நாளில் கற்றுக்கொண்டாள்.

நான் துருவத்தில் இருந்தபோது ஒருநாள் அழைத்தாள்.

"மூணு நாளா மழ. தாளு வெள்ளையாவே இருக்குடி. நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா?"

"இல்லக்கா. மழை காத்தக் கழுவிடுச்சு."

"அப்ப அதயும் எழுதி வைக்கறேன்" என்றாள்.