அண்ணாவும் நானும் ஓடிய கரை

அண்ணா ஹெரோயின் தூள் பாவிக்கிறான் என்பது வங்காலை ஊர் முழுவதும் தெரிந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குத் தெரியவந்தது. அதன்பின் அம்மா தேவாலயப் பூசைக்குப் போனால் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, முடிவதற்கு முதலே எழும்பி வந்துவிடுவார்.

மறுவாழ்வு நிலையத்திலிருந்து அவன் திரும்பி வந்தபோது தோள் எலும்புகள் சட்டைக்கு மேலால் தெரிந்தன. நான் அவனைக் கூட்டிப்போன கிளினிக்கில் இருந்த டொக்டர் நடுத்தர வயதுப் பெண். மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

“மருந்தை மட்டும் நம்பி இருக்கேலாது. ஒவ்வொரு நாளும் உடம்பு வேர்க்கோணும். ஓடுங்கோ. இது வருத்தத்தை மாத்தாது, மருந்துக்கு ஒரு துணை, அவ்வளவுதான். ஆசை வாற நேரத்தைக் கடத்த உதவும், நித்திரையும் வரும். ஆனா தனிய ஓட வேண்டாம், ஆராவது கூடப் போங்கோ.”

அண்ணாவோடு அந்த அறைக்கு வந்திருந்தது நான் மட்டும்தான். கந்தோரில் கதிரையை விட்டு எழும்பாமல் வேலை பார்க்கிறவள் நான். பள்ளிக்கூட நாட்களிலும் ஓடியதில்லை.

முதல் நாள் விடிய, படகுகள் ஏற்றிவைத்திருக்கும் இடத்திலிருந்து தெற்கே ஓடத் தொடங்கினோம். சிறிது தூரத்திலேயே அவன் குடித்த தேத்தண்ணியையும் சத்தி எடுத்தான். மணலில் குந்தியபடி, “என்னால ஏலாது” என்றான்.

“எனக்கும்தான் ஏலாது. எழும்பு.”

வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவர், “பிள்ளையள், உங்களை ஆர் துரத்திறாங்கள்?” என்று கேட்டுச் சிரித்தார். அண்ணா நிலத்தைப் பார்த்தபடி எழும்பி ஓடினான். என் சுடிதார் கால்களில் சுற்றிக்கொண்டது. வீட்டுக்கு வந்தபோது இருவருக்கும் பேச மூச்சில்லை.

பின்னேரம்தான் அவனுக்குப் பொல்லாத நேரம். கைகள் நடுங்கும். வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடப்பான். பிறகு குசினி வாசலில் வந்து நின்று, “தங்கச்சி, வாறியா?” என்பான். உலையை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் கிளம்புவேன். ஓடி முடிந்து முகத்தில் உப்பும் மணலும் அப்பியபடி நிற்கும்போது அவன் கை நடுங்காமல் இருக்கும். அது நெடுநேரம் நீடிக்காது. ஆனாலும் அந்தச் சிறு நேரத்துக்காகவே நாங்கள் ஓடினோம்.

மெல்ல மெல்லச் சோறு தின்னத் தொடங்கினான். விடியும் வரை நித்திரை கொண்டான். அம்மா பழைய பயத்தில் போய் அவன் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு வருவார். மாமாவின் படகில் மறுபடி கடற்றொழிலுக்கும் போனான்.

சோளகக் காற்று அடித்த ஒரு காலையில் படகைக் கரையேற்றும்போது அவன் கால் வழுக்கிப் படகுக்கும் கல்லுக்கும் இடையில் அகப்பட்டது. கணுக்கால் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் நோவுக்கு ஊசி போட வந்தார்.

“டொக்டர், அந்த ஊசி எனக்கு வேண்டாம். நான் தூள் அடிச்சனான், இது திரும்ப அந்த ஆசையைக் கிளப்பும்.”

பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் எங்கள் ஊர்க்காரர். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மனைவி கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

“மெல்லமாச் சொல்லலாம்” என்றார் டொக்டர்.

“மெல்லமாச் சொன்னா நாளைக்கு வாற ஆள் தெரியாமப் போட்டிடுவார்.”

வேறு ஏதோ லேசான மருந்து கொடுத்தார்கள். தலையணை நுனியைக் கடித்தபடி அன்று முழுவதும் கிடந்தான். நான் பக்கத்தில் இருந்து விசிறினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தான். கிளினிக் டொக்டரிடம் கேட்டபோது, கால் ஏலாவிட்டால் கைகளுக்கு வேலை கொடுக்கச் சொன்னார். போத்தல்களில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். கதிரையில் இருந்தபடி தூக்கித் தூக்கி இறக்குவான். “வேர்க்குது. ஆனா உள்ளுக்கு ஒண்டும் நடக்கேல்லை” என்பான். சில பின்னேரங்களில் பழக்கத்தில் “வாறியா?” என்று கேட்டுவிட்டுத் தன் காலைப் பார்ப்பான். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நான் கந்தோரிலும் அம்மா கோயிலிலும் இருந்த ஒரு நாள், பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் பிஸ்கட் பக்கெற்றோடு சுகம் விசாரிக்க வந்திருக்கிறார்கள். நான் வந்ததும் அவன் கண்களைப் பார்த்தேன்.

“எடுத்தனியோ?”

“ஓம்.”

கோயிலால் வந்த அம்மாவின் காதிலும் அது விழுந்தது. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு ஊன்றுகோலோடு அவர்களைத் தேடி வெளிக்கிட்டுப் போகவும் தொடங்கினான். ஒருவாறு கெஞ்சி ஓட்டோவில் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். வாசல் வரை வந்தவன் இறங்க மாட்டேன் என்றான். உள்ளே போய்ச் சொன்னேன். டொக்டரே வெளியே வந்து ஓட்டோவுக்குள் குனிந்தார்.

“தம்பி, நிறையப் பேர் திரும்ப விழுறவை. ஏசுறதுக்கு நான் இங்க இருக்கேல்லை. இறங்குங்கோ.”

அவன் இறங்கினான். மீண்டும் நிலையத்துக்குப் போய் வந்தான். கணுக்கால் கோணலாகப் பொருந்தியிருந்ததால் இனி ஓட முடியாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். நீந்தச் சொன்னார்கள். எனக்கு நீந்தத் தெரியாது. அவன் நீந்த, நான் முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன். சில காலைகளில் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். அவனை எழுப்பாமல் கந்தோருக்குப் போய்விடுவேன்.

போன கிழமை ஒரு காலையில், கட்டியிருந்த படகுகளையும் தாண்டி நீந்திப் போனான். தலை சின்னதாகிச் சின்னதாகி, பிறகு தெரியவில்லை. கூப்பிட்டேன். காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இடுப்பளவு தண்ணீர் வரை போனேன். அதற்கு மேல் கால் போகவில்லை. அழுதபடி நின்றேன். வெயில் ஏறிய பிறகு, வேறு பக்கத்தால் கரை வந்து, நொண்டி நொண்டி என்னிடம் நடந்து வந்தான்.

“திரும்பி வாறதோ விடுறதோ எண்டு யோசிச்சனான்” என்றான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈர உடுப்போடு ஒழுங்கை வழியே வீட்டுக்கு வந்தோம். அன்று நான் கந்தோருக்குப் போகவில்லை. அவன் நித்திரையாகும் வரை அறை வாசலில் பாய் போட்டு இருந்தேன்.