புகாருக்குள் கடல் காட்டிய மாப்பிள்ளை

மலை ஏறிய கதையை யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். நான் ஒரேயொரு மலைதான் ஏறியிருக்கிறேன். எண்பத்துமூன்று கலவரத்துக்குச் சில மாதங்கள் முந்தி, மாப்பிள்ளை பார்க்க ஏறினேன்.

மாப்பிள்ளை நல்லூர் ஆள். மலைநாட்டில் ஒரு கந்தோரில் கிளாக்கர். கரவெட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் ஊர் கதைக்கும். அதனால் என்னைப் பெற்ற ஐயா, சுற்றுலா என்ற சாட்டில் என்னை அவர் வேலைசெய்யும் இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். இவ்வளவு யோசிக்கத் தெரிந்த மனிதர், மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் மூளையைக் கழற்றி வைத்துவிடுவார்.

"நான் கிழமைக்குக் கிழமை ஏறுற மலை. உச்சியிலை நிண்டா கடல் தெரியும்," என்றார் மாப்பிள்ளை. காட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. சப்பாத்து, முழங்கால்வரை இழுத்துவிட்ட மேஸ். ஐயாவோ கஞ்சிபோட்ட வெள்ளை வேட்டியும் செருப்பும். எங்கள் ஊரில் அவர் ஏறிய ஆகப் பெரிய உயரம் கோயில் தேர்முட்டிப் படிகள்தான்.

பாதை செங்குத்தாக ஏறியது. வேர்களைப் பிடித்துக்கொண்டுதான் ஏறலாம். கிழமைக்குக் கிழமை ஏறுகிறவர் ஒவ்வொரு பத்தடிக்கும் நின்று பூ பார்த்தார். கால் நடுங்குகிறவருக்குப் பூ நல்ல சாட்டு. வாய் மட்டும் களைக்கவில்லை. தான் இல்லாவிட்டால் கந்தோரே நடக்காதாம். ஐயா மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றுக்கும் "ஓம் தம்பி" போட்டார்.

அப்போதுதான் ஐயாவின் வேட்டிக் கரையில் ரத்தம் கண்டேன்.

"ஐயா, கால்லை அட்டை!"

"சத்தம் போடாதை பிள்ளை," என்றார் மெதுவாக. "தம்பி கூட்டிவந்த இடத்தைக் குறை சொன்ன மாதிரி இருக்கும்."

பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் முகம் சுளிக்க ஒன்றும் சொல்லக்கூடாது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் மரியாதை. எனக்கு மாப்பிள்ளையைவிட ஐயாவில்தான் கூடுதலாகக் கோபம் வந்தது. இப்போதே இவ்வளவு பொறுக்கிறவர், தாலி ஏறினபிறகு என்னை என்னவெல்லாம் பொறுக்கச் சொல்லுவார்?

ஒரு தட்டைப் பாறை வந்தது. "இதுதான் உச்சி," என்று மாப்பிள்ளை இடுப்பில் கைவைத்து நின்றார். முன்னால் வெறும் புகார், வெள்ளைப் பனிமூட்டம்.

"அந்தா, நேரை பாருங்கோ. நீலமாத் தெரியிறது கடல்."

ஐயா நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். "ஓம் தம்பி, வடிவாத் தெரியுது."

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை. புகார்தான் தெரியுது," என்றேன்.

"பொம்பிளையைக் கண் டொக்டரிட்டைக் காட்டவேணும்போலை," என்று மாப்பிள்ளை சிரித்தார். ஐயாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. சிரித்த கையோடு, "அப்ப தம்பி, நாங்கள் கலியாணத்துக்கு ஒரு நாள் பாக்கட்டோ?" என்றும் கேட்டுவிட்டார். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளை பதில் சொல்வதற்குள் காற்று எழும்பிப் புகாரைத் தள்ளிக்கொண்டு போனது. கடல் இருந்த இடத்தில் மலை நின்றது. எங்கள் தலைக்கு மேலே, இன்னும் அத்தனை உயரம். பாதையும் பாறையைச் சுற்றிக்கொண்டு அதில்தான் ஏறிப் போனது. உச்சியில் ஆட்கள் எறும்பளவில் நடமாடினார்கள். நாங்கள் நின்றது மலையின் முழங்காலில்.

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உது... உது வேறை மலை."

ஐயா பாறையில் குந்தினார். மாப்பிள்ளைக்கு முன்னாலேயே வேட்டியை முழங்கால்வரை சுருட்டி, அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார்.

"நாள் பாக்கிறதைப்பற்றிக் கேட்டியள்..." என்று மாப்பிள்ளை தொடங்கினார்.

"என்ரை பிள்ளையின்ரை கண்ணிலை ஒரு குறையும் இல்லை," என்றார் ஐயா. "என்ரை கண்தான் பழுது. எழும்பு பிள்ளை, போவம்."