மூன்று பேருக்குச் சொன்ன படகு

யோகநாதன் போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது நான் மொன்றியல் புறநகரான புவாண்ட்-கிளேரில் ஓர் இறைச்சிக் கடையில் கோழிக் கழுத்து வாங்கிக்கொண்டு நின்றேன். நண்டுக்கு இரை. நண்டு பிடிக்கப் போகும் பயணத்துக்கு இன்னும் ஒரு கிழமைக்கு மேல் இருந்தது. ஆனால் கழுத்துகளை முதலே வாங்கி உறைய வைத்துவிட வேண்டும் என்பது யோகனின் கட்டளை. கடைக்காரனுக்கு என் பிரெஞ்சு விளங்கவில்லை. என் கழுத்தையே தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கைத்தொலைபேசி அடித்தது. யோகனின் மனைவி வசந்தியின் தம்பி. "அண்ணை, அத்தான் போட்டார். வேலையில நிண்ட நிலையில விழுந்தவராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது." நான் அவனிடம், "எந்த அத்தான்?" என்று கேட்டேன். அவனுக்கு இருந்தது ஒரே அத்தான்தான். அது எனக்குத் தெரியாதா?

யோகனை அறிந்த உங்களில் பலர் அவனைக் கண்ணால் காணும் முன்பே காதால் அறிந்திருப்பீர்கள். கோயில் திருவிழாவோ பிறந்தநாள் விருந்தோ, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அவன் இருக்கிறானா இல்லையா என்று சொல்லிவிடலாம். அவன் பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். நான் அதே கட்டடத்தின் அலுவலகப் பக்கம். இடையில் ஒரு தடித்த சுவர். அவன் சிரிப்பு அதையும் தாண்டி வரும். செத்தவீடு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய நாளில், பெட்டி இறக்கும் சத்தமும் வண்டிகள் பின்னால் வரும் சத்தமும் வழமைபோலக் கேட்டன. அந்தச் சத்தங்கள் கொஞ்சமும் குறையாமல் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. கழிப்பறைக்குள் போய் நின்று அழுதேன்.

பியர்பொன்ட்ஸில் அவன் வீட்டுக்குப் பின்னால் நாலு தெரு நடந்தால் ஆறு. கோடை முழுவதும் அதன் கரையில் நின்று அதை ஏசுவான். "இவ்வளவு தண்ணி கிடக்கு. ஒரு நண்டு இல்லை. என்ன நாடடா இது!" இல்-பிசார் தீவிலிருந்து லாவாலுக்குக் கார்களை ஏற்றிப் போகும் படகில், அந்தக் கரையில் ஒரு வேலையும் இல்லாமல், சும்மா போய்த் திரும்புவான். "வசந்தி கேட்டால் சாமான் வாங்கப் போனனாங்கள் எண்டு சொல்லு" என்று என்னையும் கூட்டுச் சேர்ப்பான். வெறுங்கையோடு திரும்பும் எங்களைப் பார்த்து வசந்தி ஒன்றும் கேட்க மாட்டார். அவருக்குத் தன் மனிதரைத் தெரியும்.

அன்ரனை எனக்குத் தந்தவன் யோகன்தான். பிரெஞ்சு வகுப்பில் தன் பக்கத்து வாங்கில் இருந்தவனை ஒருநாள் என் வீட்டுக்குக் கூட்டிவந்து, "இவன் மன்னார். நண்டு பிடிக்கத் தெரிஞ்சவன். இனி எங்கட ஆள்" என்றான். அதோடு அறிமுகம் முடிந்தது. அன்ரன் ஹோட்டல் ஒன்றில் சமையல்காரன். ஞாயிறு பூசை தவறாதவன். வார்த்தையை எண்ணிச் செலவழிக்கிறவன். உண்மையைச் சொன்னால் அன்ரனும் நானும் தனியாக இருந்து கதைத்ததே இல்லை. எங்கள் இருவருக்கும் சேர்த்து யோகன் கதைத்தான். அது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

ஊரில் சண்டை ஓய்ந்திருந்த அந்த வருடங்களில் மூன்று பேருக்கும் கனடாப் பாஸ்போட் கைக்கு வந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டுக்குப் போகத் திட்டம் போட, யோகன் எங்களை நியூ ஜேர்சிக்கு நண்டு பிடிக்கக் கூட்டிப்போனான். எல்லையில் நின்ற அதிகாரி, "ஏழு மணித்தியாலம் ஓடி நண்டுக்கா போகிறீர்கள்?" என்று கேட்டான். "நீ ஒருநாள் எங்கட வீட்டுக்கு வா, பேந்து இப்பிடிக் கேக்கமாட்டாய்" என்று யோகன் தமிழிலேயே சொல்லிச் சிரித்தான். அதிகாரியும் ஏதோ விளங்கியவன்போலச் சிரித்து விட்டுவிட்டான். அதன் பிறகு ஒவ்வோர் ஓகஸ்ட்டிலும் ஒரு வார இறுதி அங்கிருக்கும் கடலேரிக்கு என்று ஆயிற்று. சின்ன இயந்திரப் படகொன்றை வாடகைக்கு எடுப்போம். நூலில் கோழிக் கழுத்தைக் கட்டி அடிக்கு விடுவோம். நூல் இறுகினால் நண்டு பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதைப் பூப்போல மேலே இழுத்து, நண்டு தண்ணீருக்குள் தெரியும்போதே கைவலையைக் கீழே கொடுத்துக் கோலி எடுக்க வேண்டும். யோகன் இழுத்தால் பாதியில் நண்டு கழன்றுவிடும். கதைப்பதை நிறுத்தினால்தானே கை ஆடாமல் இருக்கும்! "வாயை மூடு, நண்டு ஓடுது" என்பான் அன்ரன். "நண்டுக்குக் காது இல்லை மச்சான். உனக்குத்தான் இருக்கு" என்பான் யோகன்.

இனி எழுதப்போவதை வசந்தியின் சம்மதத்தோடும் அன்ரனின் சம்மதத்தோடும்தான் எழுதுகிறேன்.

யோகனுக்கும் வசந்திக்கும் பிள்ளைகள் இல்லை. வைத்தியம், நேர்த்தி என்று பல வருடங்கள் அலைந்து, பிறகு இருவரும் அதைப்பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். நாங்களும் பேசுவதில்லை. அன்ரனின் மூத்த மகள் ஜெனிற்றாவைச் சைக்கிள் ஓட்டப் பழக்கியது யோகன். கார் ஓட்டப் பழக்கியதும் அவன்தான். சென்ற வருடம் அவளுக்குக் கலியாணம் பேசி, ரொறன்ரோவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அன்ரன் அவர்களுக்குத் தன் கையால் நண்டுக் கறி வைப்பதாகச் சொல்லியிருந்தான். அதற்கு முதல்நாள் எங்களுக்கு நல்ல பிடிபாடு. பெட்டி நிறைய நண்டு. கரைக்குத் திரும்பும் வழியில் இன்னொரு படகிலிருந்த சிறுவர்கள் கைகாட்டினார்கள். யோகன் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் கைகாட்டினான். படகு சரிந்தது, பெட்டி கவிழ்ந்தது, மூடி திறந்துகொண்டது. காலடியில் விழுந்த சிலதைத் தவிர மற்றதெல்லாம் தண்ணீரோடு போயிற்று.

யோகன் விழுந்து விழுந்து சிரித்தான். "விடு மச்சான், அதுகளுக்கும் வீட்டில ஆக்கள் பாத்துக்கொண்டு இருப்பினம்" என்றான். அன்ரன் சிரிக்கவில்லை. "உனக்கு எல்லாம் பகிடி. உனக்கெண்டு ஒரு பிள்ளை இருந்தால் தெரியும்" என்றான்.

அதைச் சொன்ன கணத்திலேயே அன்ரனின் முகம் வெளிறிப்போனதை நான் கண்டேன். வாயிலிருந்து போன வார்த்தையை அவனால் என்ன செய்ய முடியும்? யோகன் மெல்ல உட்கார்ந்தான். மொன்றியல் வந்து சேரும் வரை அவன் ஒரு சொல் பேசவில்லை. காரில் ரேடியோவைக்கூட யாரும் போடவில்லை. இறங்கும்போது என்னிடம் மட்டும், "வசந்திக்குத் தெரியவேண்டாம்" என்றான். அடுத்த நாள் விருந்துக்கு வசந்தியைப் பரிசோடு அனுப்பிவிட்டு, தனக்குத் தலையிடி என்று வீட்டில் இருந்துகொண்டான்.

எங்கள் ஆட்கள் கோபம் போட்டால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரே மண்டபத்தில் ஒருவன் இந்தப் பக்கம், மற்றவன் அந்தப் பக்கம். இருவருக்கும் நடுவில் நான். அன்ரனுக்கு மன்னிப்புக் கேட்க வெட்கம். யோகனிடம் போய் நான் வாயெடுத்தால், "அவன் பொய் சொல்லேல்லையே" என்று சொல்லி வேறு கதைக்குப் போய்விடுவான். நண்டு போன கோபத்தில்தான் இரண்டு பேரும் முகம் பார்க்காமல் திரிகிறார்கள் என்று ஊரே கதைத்துச் சிரித்தது. வசந்தியும் அப்படித்தான் நினைத்திருந்தார். "ஒரு பெட்டி நண்டுக்கு இவ்வளவோ அண்ணை? சின்னப்பிள்ளையளிலும் மோசம்" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டுவேன்.

இந்த ஜூலையில் யோகன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மேசைக்கு வந்தான். "படகு சொல்லியாச்சு. மூண்டு பேருக்கு." நான், "அன்ரன்?" என்றேன். "மூண்டு பேர் எண்டு சொன்னனான்" என்றான். அன்று மாலையே அன்ரனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.  அவன், "ஓம், வாறன்" என்றான். பிறகு, எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று கேட்டான். நான் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை எழுதவே இப்போது கை வரவில்லை. இன்னும் பத்து நாள் அவனுக்குக் கிடைத்திருந்தால் போதும். கடவுளிடம் நான் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. இந்தப் பத்து நாளையாவது தந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தகனம் நடந்தது. உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் அன்ரன் பெட்டிக்குக் கிட்டப் போகவே இல்லை. கடைசி வரிசையில் சுவரோடு நின்றான். எல்லாம் முடிந்த பிறகு வசந்தியே எழுந்து அவனிடம் போனார். "அன்ரன் அண்ணை, வாற ஞாயிறு இவருக்கு எட்டுச் செலவு. இவருக்குப் பிடிச்சதெல்லாம் படைக்கவேணும். கடையில விக்கிற ஐஸ் நண்டு இவர் தொடமாட்டார், உங்களுக்குத் தெரியும்தானே. நீங்கள் பிடிச்சுக்கொண்டு வந்து தருவியளோ?" என்று கேட்டார். நண்டால் வந்த கோபம் நண்டாலேயே தீரட்டும் என்று அந்த மனுசி வெள்ளை மனத்தோடு நினைத்தார். அன்ரன் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினான்.

இப்படியாக, யோகன் சொல்லிவைத்த அதே சனிக்கிழமையில், அதே படகுக்கு நாங்கள் இருவரும் போனோம். வழிநெடுக என்ன கதைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. படகுக்காரன் மூன்று பாதுகாப்பு அங்கிகளை எடுத்து வைத்துவிட்டு, "உங்களுடைய சத்தக்காரர் எங்கே?" என்று கேட்டான்.  அன்ரன்தான், "இந்த முறை வரேல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னான். கடலேரி அன்று அமைதியாக இருந்தது. வாய் திறக்க ஆளில்லாத படகில் நண்டு நிறையப் பிடிபட வேண்டும் அல்லவா? மத்தியானம் வரை பெட்டியின் அடி மறையவில்லை. அன்ரன் முதுகைக் காட்டிக்கொண்டு நூலைப் பிடித்திருந்தான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு நானும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த நாள், தகனத்திலிருந்து எண்ணி எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு. அன்று மாலை யோகன் வீட்டுக் கீழ்த்தள அறையில் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டுப் படைத்தார்கள். நண்டுக் கறியை அன்ரனே சமைத்தான். இறந்தவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது முறை. படிக்கட்டில் ஆட்கள் நிறைந்து நின்றார்கள். எல்லோரையும் பார்த்த பிறகுதான் அன்ரன் இல்லை என்று எனக்கு உறைத்தது. கத்தோலிக்கன், முறை தெரியாமல் உள்ளே நின்றுவிட்டான் என்று நினைத்துக் கதவைத் தட்டப் போனேன். அப்போது உள்ளே அவன் குரல் கேட்டது.

"மச்சான், இந்த முறை காத்தே இல்லையடா. நண்டு கொஞ்சம்தான். படகுக்காரன் உன்னைக் கேட்டவன். உறைப்புக் கூடிப்போச்சோ தெரியேல்லை, பாத்துச் சாப்பிடு." என் வாழ்நாளில் அன்ரன் ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. பிறகு, "அண்டைக்கு நான்..." என்று தொடங்கி நின்றான். வசந்தி என் பக்கத்தில் கதவோடு ஒட்டி நின்றார். ஒரு வருடமாக யோகன் அவரிடம் மறைத்து வைத்திருந்தது இப்போது கதவுக்குள்ளிருந்து வெளியே வரப்போகிறது என்று பயந்தேன். "அண்டைக்கு நான்தான் மச்சான் பெட்டியை வடிவாப் பூட்டேல்லை. பிழை என்னிலைதான். நீ எழும்பினதாலை இல்லை" என்றான் அன்ரன். அதற்குப் பிறகு அழுகைதான் கேட்டது. வசந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "கடவுளே, ஒரு பெட்டி நண்டு" என்றார்.

ஆனால் அன்ரனால் அதோடு இருக்க முடியவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகு, என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தான் அன்று சொன்ன வார்த்தையை அப்படியே வசந்தியிடம் சொன்னான்.  வசந்தி ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "இதையோ என்னட்டை மறைச்சவர்?" என்றார். "என்னட்டைச் சொல்லியிருந்தால் அடுத்த நாளே நான் உங்களைக் கூப்பிட்டுச் சோறு போட்டிருப்பன் அண்ணை. எங்களுக்கு இது பழகிப்போச்சு. நான் நோகக்கூடாதெண்டு, அந்த மனுசன் ஒரு வருசம் சினேகிதன் இல்லாமல் இருந்திட்டுப் போட்டுது." அதற்கு மேல் அவரால் இருக்க முடியவில்லை. எழுந்து போய்க் குசினிக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

யோகனை அறிந்தவர்களே, அவனைப்பற்றி உங்களிடமும் எத்தனையோ பகிடிகள் இருக்கும். அவற்றை வசந்திக்குப் போய்ச் சொல்லுங்கள், அவர் கேட்க விரும்புகிறார். எனக்கென்று அவன் விட்டுப்போனது அன்ரனைத்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து அவன் என் வீட்டுக்கு வருகிறான். இருவரும் தேத்தண்ணீரை வைத்துக்கொண்டு எதிரெதிரே இருக்கிறோம். எங்களுக்குக் கதைக்கத் தெரியாது, அதைச் செய்தவன் போய்விட்டான். ஆனாலும் யாராவது ஒருவர் தொடங்கத்தான் வேண்டும் என்று, தட்டித் தடுமாறி, ஒவ்வொரு கிழமையும் கதைக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம்.