கெட்டிச் செருப்படி

அன்று காலை கடை வாசலில் இருந்தவர்கள்: கடைக்காரச் சாயபு. அவருடைய மாமனார். எதிரே பொரி விற்கும் அம்மாள். நான். என் தப்பு.

தப்பு என்பது தோல் கட்டிய மேளம். ஆம்பூரில் சர்க்கார் சேதியை அதை அடித்துத்தான் சொல்வார்கள். அடிப்பவன் நான்.

மாமனாருக்குத் தோல் பதனிடும் தொட்டிகள் இருந்தன. பதமான தோலை ரயிலில் பட்டணம் அனுப்புவார். ஊரில் வசதி உள்ளவர்கள் எல்லாரும் அப்படித்தான். மாப்பிள்ளைச் சாயபுவுக்கு மட்டும் வேறு புத்தி. தோலை ஏன் அனுப்ப வேண்டும், இங்கேயே செருப்பாகத் தைத்து விற்கலாம் என்றார். கடை வைத்தார். ஆள் வைத்துத் தைத்தார். கூரை வரை அடுக்கினார். வாங்க யாரும் வரவில்லை. ஊரே தோலில் பிழைத்தது. நடந்தது வெறுங்காலில்.

மாமனார் கடைக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்தார்.

"மாப்ளே, பெருநாளுக்குப் பிறை தெரியற அன்னிக்கு வர்றேன். ஒரு ஜோடி மிஞ்சி இருந்தாலும் சாவி எங்கிட்ட. இங்க பச்சைத்தோல் அடுக்கிக்குவேன். நீ தொட்டிக்கு வந்துடு."

"சரி மாமு."

சாயபுவுக்குத் தொட்டி ஆகாது. அந்த நாற்றம் பட்டால் வாந்தி வரும். தோல்காரர் வீட்டு மாப்பிள்ளை இதை வெளியே சொல்ல முடியாது. எனக்குத் தெரியும். ஒருதரம் என் கால் மேல்தான் எடுத்தார்.

மாமனார் போனதும் என்னைக் கூப்பிட்டார். புதுச் செருப்பு ஒரு ஜோடி கொடுத்தார்.

"இதப் போட்டுனு ஊரெல்லாம் சுத்து. சத்தமா சொல்லு. ராத்திரி திருப்பிக் குடுத்துடு, இதுவும் சரக்குதான்."

"இன்னா சொல்லணும் பாய்?"

சாயபு வீட்டில் உருது பேசுவார். தமிழ் பஜாரில் கற்றது. சொல்ல வேண்டியதை அவரே யோசித்து வைத்திருந்தார்.

"எங்க கடை செருப்படி கெட்டி. ஒருதரம் வாங்கினவங்க மறக்க மாட்டாங்க."

செருப்பின் அடித்தோலைத்தான் அவர் சொன்னார். காலின் அடி காலடி. அப்படியென்றால் செருப்பின் அடி செருப்படி. அது அவர் கணக்கு.

"இப்படியேவா பாய்?"

"ஒரு எழுத்து மாத்தாதே."

மாற்றவில்லை. சொன்னதைச் சொல்வது என் வேலை.

பஜாரில் முதல் முறை அடித்துச் சொன்னேன். கடைக்குக் கடை தலைகள் நீண்டன. பிறகு பொரி அம்மாள் கேட்டாள்.

"எவ்ளோ கெட்டி? எங்க ஊட்டுக்காரருக்கு ரெண்டு குடுக்கச் சொல்லு."

சவரம் செய்துகொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தினார். "வாங்கினவன் மறக்க மாட்டான், சரி. குடுத்தவன் மறந்துடுவானா?"

பாதி முகத்தில் சோப்போடு இருந்தவரும் சிரித்தார்.

சர்க்கார் தப்பு அடித்தால் கதவு சாத்துவார்கள். வரி என்பேன், காலரா என்பேன். ஒருவரும் பதில் சொன்னதில்லை. இதற்கு எல்லாரும் சொன்னார்கள். பதில் சொல்ல இடம் இருந்தால் ஜனம் நிற்கும். அன்று கண்டது.

அடுத்தது பெரிய தெரு. அங்கே எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. முனையில் கழற்றினேன். கழற்றியதை எங்கே வைப்பது? இடுப்பில் செருகினேன். அதுவும் மரியாதை இல்லை என்றார் வாசல் தெளித்தவர். குச்சி பிடித்த கையிலேயே சேர்த்துப் பிடித்தேன். குச்சி எழும்பும்போதெல்லாம் செருப்பும் எழும்பியது.

அப்படியே சொன்னேன். எங்க கடை செருப்படி கெட்டி.

பெரிய வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

"யாருக்குடா செருப்படி?"

"எல்லாருக்கும் உண்டு சாமி. பஜார்ல."

மேலே விவரம் சொல்ல நேரமில்லை. ஓடினேன். பின்னால் நாலு பேர். ஓட்டத்தில் இடது செருப்பு விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். நாய் கவ்விக்கொண்டு வேறு பக்கம் ஓடியது. அதைத் துரத்த யாரும் இல்லை.

பெரிய வீட்டுக்காரர் நேராகக் கடைக்கு நடந்தார். சண்டை பார்க்க அந்தத் தெருவே பின்னால் வந்தது. பஜாரும் சேர்ந்துகொண்டது. அவ்வளவு கூட்டத்தைச் சாயபு கண்டதில்லை. வியாபாரம் வந்துவிட்டது என்று நினைத்தார்.

"வாங்க, வாங்க! உக்காருங்க!"

"செருப்படி குடுக்கிறியாமே. எங்க, குடு பாக்கலாம்."

சாயபுவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஒரு செருப்பை எடுத்தார். கூட்டம் ஓரடி பின்வாங்கியது. அவர் செருப்பைக் கவிழ்த்து விரல் முட்டியால் தட்டினார். டொக் என்றது.

"இதான் அடி. எருமைத்தோல், ரெண்டு மடிப்பு. நீங்களே தட்டிப் பாருங்க."

பெரிய வீட்டுக்காரர் தட்டினார். கோபத்தில் கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டார். விரலை உதறினார்.

பொரி அம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. பெரிய வீட்டுக்காரர் சுற்றிலும் பார்த்தார். அடிக்க வந்தேன் என்று சொன்னால் ஊர் விடாது. வாங்க வந்தேன் என்று சொன்னால் விடும்.

"கெட்டியாத்தான் இருக்கு. ஒரு ஜோடி போடு" என்றார்.

அன்றிலிருந்து தட்டுவதற்கென்றே வந்தார்கள். சாயபு வாசலில் ஒரு செருப்பைக் கவிழ்த்துத் தொங்கவிட்டார். போகிறவன் ஒரு தட்டு, வருகிறவன் ஒரு தட்டு. தட்டியவன் உள்ளே வந்து போட்டுப் பார்ப்பான். போட்டவன் கழற்ற மாட்டான். வாணியம்பாடியிலிருந்து ரயிலேறி வந்து, "பாய், எனக்கும் ஒரு செருப்படி" என்று கேட்டவர்கள் உண்டு. என்ன சிரிப்பு என்று சாயபு பொரி அம்மாளிடம் கேட்டார். சொன்னாள். ஒரு நாள் முழுக்கக் கடை திறக்கவில்லை. மறுநாள் திறந்தார். சொல்லை மாற்றவில்லை.

பெருநாள் நெருங்கியது. வாசலில் தொங்கியதும் ஜோடியோடு போய்விட்டது. மிஞ்சியது என் வலது செருப்பு. சாயபு அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னையும் பார்ப்பார்.

"ஒத்தைக் கால்காரன் யாராச்சும் இருக்கானா பாரு."

தேடினேன். பள்ளிவாசல் பக்கம் ஒருவர் இருந்தார். கூட்டி வந்தேன். அவருக்கு இருந்தது இடது கால்.

பிறை தெரிந்தது. மாமனார் வந்தார். சாயபு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அலமாரியெல்லாம் காலி. நடுத்தட்டில் அந்தச் செருப்பு.

"இது இன்னா?"

"செருப்பு, மாமு."

"இதோட ஜோடி?"

சாயபு என்னைப் பார்த்தார்.

"நாய் தூக்கினு போயிட்ச்சிங்க" என்றேன்.

மாமனார் சாவிக்குக் கை நீட்டினார். எதிரேயிருந்து பொரி அம்மாள் குரல் கொடுத்தாள்.

"பெரிய பாய், ஒரு ஜோடி மிஞ்சி இருந்தாலும்னுதானே சொன்னீங்க? நான் இங்கியேதான் இருந்தேன்."

கை அப்படியே நின்றது. சாவிக்குப் பதில் செருப்பை எடுத்தார். தோலைப் பார்ப்பதுபோல் புரட்டிப் பார்த்தார். முட்டியால் தட்டினார். மறுபடியும் தட்டினார். வாய் ஓரத்தில் ஏதோ அசைந்தது.

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும், மாப்ளே." என் பக்கம் திரும்பினார். "எவ்ளோ மிஞ்சிச்சு? ஊருக்குச் சொல்லு."

தப்பை எடுத்தேன். அடித்தேன். பொரி அம்மாள் வெளியே வந்து நின்றாள்.

ஜோடி, இல்லை. செருப்பு, ஒன்று.