கருமத்தம்பட்டியில் கிடைத்த கட்டுத்துணி

கருமத்தம்பட்டி அருகே பஸ் நிற்கிறது. எஞ்சின் கொதித்து ஆவி கக்குகிறது. சாயங்காலம் கோயமுத்தூரில் ரயிலைப் பிடித்தால்தான் பம்பாயில் எனக்குக் கப்பல் கிடைக்கும். ஜப்பான் படையெடுத்திருக்கும் சீனாவில் போரில் அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போகும் டாக்டர்களில் நானும் ஒருவன்.

சாலையோரத் தோட்டத்துக்கார அம்மாள் ஒருவர் டிரைவருக்குக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார். என் மருந்துப் பெட்டியைப் பார்த்து எங்கே போகிறேன் என்று விசாரிக்கிறார். சொல்கிறேன்.

"ஏனுங்க, அத்தனை தூரம் போறீங்களே, அங்க உங்க சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க அம்மணி."

வீட்டுக்குள் போனவர், வெளுத்து மடித்த பழைய வேட்டியோடு ஓடிவருகிறார்.

"எங்கூட்டுக்காரரோடதுங்க. கால்ல புண்ணாகிப் படுத்தவரு, போன வருசம் தவறிப்போயிட்டாரு. கட்டுப்போட ஆகுமுங்களா?"

"நல்லா ஆகுமுங்க."

எஞ்சின் உறுமுகிறது. ஏறி உட்கார்கிறேன். அவர் ஜன்னலருகே வருகிறார்.

"கட்டை அவுக்கறப்ப வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி, நல்லா ஊறினப்பறம் அவுருங்க கண்ணு. வெடுக்குனு இழுத்துப்போடாதீங்க. அவரு அதுக்குத்தான் ரொம்பப் பயப்படுவாரு."

பட்டம் வாங்கிய டாக்டர் நான், வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே செய்வதாக அவருக்கு வாக்குக் கொடுக்கிறேன்.